கடல் பார்த்த மனை

எங்கள் ஊர், ராமேசுவரம் போகும் வழியில் இருக்கிற மண்டபம் என்ற ஊருக்கு மேற்கே, தென்கடல் ஓரம். போன வாரம் ஊருக்குக் கிழக்கே உடைமரக் காட்டை அழித்து, கல் ஊன்றி, ‘கடல் பார்த்த மனைகள்’ என்று போர்டு வைத்துவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். “கடலைப் பார்த்த வீட்டுக்கு யாருடா காசு கொடுப்பான்? நம்ம வீட்டுத் தகரக் கதவு மூணு வருசத்துல இத்துப் போச்சு” என்றார். அவருக்கு அது புரியவே இல்லை. கச்சான் காற்று கிளம்பிவிட்டால் சோற்றுப்பானை வரை மண் வந்து விழும், வசதி வந்தவர்கள் முதல் வேலையாக ரோட்டுக்கு வடக்கே வீடு கட்டிப் போய்விடுவார்கள். எங்கள் பக்கம் கடலோரம் என்றால் வேறு வழியில்லாதவர்கள் இருக்கும் இடம்.

எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நான் சென்னை நீலாங்கரையில் மூன்று மாதம் வேலை பார்த்தவன். பெரியப்பா மகன் எடுத்திருந்த வயரிங் வேலை, கடலை ஒட்டிய தெருவில் ஒரு பங்களா. தெருமுனையிலேயே தடுப்புக் கட்டை. ஹெல்மெட்டைக் கழற்றி, நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதி, எந்த வீடு என்று சொன்னால்தான் கட்டை மேலே போகும். உள்ளே போனால் இரண்டு பக்கமும் ஒன்றரை ஆள் உயரச் சுவர். அலைச்சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும், கடல் மட்டும் கண்ணில் படாது! பிறந்ததிலிருந்து கடல் ஓரமே இருந்தவனுக்கு அது என்னவோ போல இருந்தது.

உப்புக்காற்று அங்கேயும் யாரையும் விடவில்லை. மொட்டைமாடியில் ஏசியின் வெளி யூனிட்டைத் தொட்டேன், அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் மாவு மாதிரி உதிர்ந்தன. துருப்பிடிக்காது என்று போட்ட கைப்பிடியில்கூட டீக்கறை போலப் புள்ளி புள்ளியாகத் துரு. அம்மா சொன்ன அதே கதைதான், அங்கே மாற்றிப் போடப் பணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

வாட்ச்மேன் அண்ணன் திருப்புல்லாணிப் பக்கத்துக்காரர். “எந்தூருப்பா?” என்று கேட்டு, மண்டபம் என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார். பதினோரு மாதமாக அந்தத் தெருவில் நிற்கிறவர், கடலில் கால் நனைத்தது இரண்டே முறை என்றார். அதே நீலாங்கரையில் மீனவக் குப்பமும் இருக்கிறது. தை மாசி வந்தால் அந்தக் கரையில் பங்குனி ஆமை ஏறி முட்டை இடும், 1988-லிருந்து மாணவர்கள் இரவு இரவாக நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். குஞ்சு பொரித்தால் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஓடும், கடல் பக்கம் இருட்டாகி பங்களாப் பக்கம் ஃபிளட் லைட் எரிந்தால் தெருவைப் பார்த்து ஊர்ந்து வந்துவிடும். நான் மாட்டிய விளக்கில் இரண்டு கடல் பக்கம் பார்த்தவை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பணம் உள்ளவர் கடலோரம் வீடு கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் தங்கச்சிக்கு ஒரு பவுன் எடுத்தோம். என் கவலை வழியைப் பற்றியது. கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வளைத்துப் போய் இன்னொரு நுனியைத் தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கும், இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்துக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் நெருங்கி வர வேண்டும். நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர் மணலில் இறங்கினால் அந்த வலைப்பாடு அத்தோடு முடிந்தது. நெத்திலி காயப்போட, வலை பிரிக்க, பாசி எடுத்து வரும் பெண்கள் மூட்டையை இறக்க, எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான்.

கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று மத்திய அரசு போடும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் வந்தது 1991-ல். 2011 அறிவிக்கையில் கிராமப்புறக் கடற்கரைக்கு உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்று இருந்தது. 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருக்கும் ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. அலை ஏறி இறங்கும் மணல் எந்த மனைப் பத்திரத்திலும் வராது, அது பொது. ஆனால் அந்தப் பொது இடத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை யாரோ ஒருவர் பட்டாவுக்குள் போனால், வேலி விழுந்த அன்றைக்கே கடல் போன மாதிரிதான். எங்கள் ஊரில் அப்படி மூன்று பாதை இருக்கிறது. மூன்றும் நடந்து நடந்து உண்டானவை, எந்தக் காகிதத்திலும் இல்லை.

சரி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று பாதையையும் அளந்து, ஊர்ப் பாதையாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கிறோம். எவ்வளவு அகலம் போடலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். “தலையில கூடையோட ரெண்டு பேரு எதிரெதிரா வந்தா இடிக்காமப் போகணும், வள்ளத்துக்கு எஞ்சினைத் தூக்கிட்டுப் போறவனும் போகணும்” என்றார். மனுவில் அதை மீட்டரில் போட வேண்டும், நாளைக் காலையில் டேப் எடுத்துக்கொண்டு போகிறேன்.