தருமபுரியை நடந்தே பார்க்கலாம்

தருமபுரி என்றால் ஒகேனக்கல் போகும் வழியில் பஸ் மாறும் ஊர், அவ்வளவுதான் பலருக்கு. ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் ஊருக்குள்ளேயே நடந்தேன். வழிகாட்டி யாரும் இல்லை. கைபேசியில் மேப், பையில் தண்ணீர்.

முதலில் கோட்டைக் கோயில். மல்லிகார்ஜுனர் சந்நிதி மண்டபத்தில் தொங்கும் தூண் இருக்கிறது. அடிப்பகுதி தரையைத் தொடாது. துண்டை உள்ளே விட்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுக்கலாம். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்தில் காமாட்சியம்மன் சந்நிதியின் அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள், ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாக ஓடும். எனக்குத் தூணைவிட அதுதான் பிடித்தது.

அப்புறம் நடுகற்கள் வைத்திருக்கும் அகழ்வைப்பகம், அதாவது தொல்லியல் அருங்காட்சியகம். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊரே கல் நட்டு, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயரும் பொறித்திருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இதுதானே!

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரியைச் சுற்றிய பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபின், பின்னாளில் மதராஸ் ஆளுநரான தாமஸ் மன்றோ வரி வசூல் வேலை பழகியதும் இந்தப் பகுதியில்தான்.

போகிறவர்கள் அகழ்வைப்பகத்துக்கு எந்த நாள் விடுமுறை என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.