வணிக வழக்குக்கு வக்கீல் பார்ப்பவர்களுக்கு

சென்னை நிறுவனம் ஒன்று எங்களுக்கு ஒன்பது லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருந்தது. திருப்பூரில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறைக்கு அது சின்னத் தொகை இல்லை. கைக்கு வந்துவிட்டது என்றாலும், நடுவில் வீணான காலத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நான் முதலில் போன வக்கீலின் இணையதளத்தில் கம்பெனிச் சட்டம், ஒப்பந்தம், டிரேட்மார்க், ஜிஎஸ்டி என்று வரிசையாக இருந்தது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. 2008 முதல் பெயர், பதிவு எண், படிப்பு, வழக்காடும் துறை போன்ற சில விவரங்களை மட்டும் இணையதளத்தில் போடலாம். எந்தத் துறையில் எத்தனை வழக்கு நடத்தினார் என்பது அதில் வராது. அவர் பெரும்பாலும் நடத்தியது விபத்து இழப்பீட்டு வழக்குகள் என்று அவருடைய குமாஸ்தா சொல்லித்தான் பிறகு தெரிந்தது.

சமரசத்துக்குப் போகாமலேயே அவர் போட்ட பிராது வணிக நீதிமன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கென்றால், முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும் என்கிறது வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவு. அது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இந்தத் துறையில் புழங்குகிறவர் இதில் தவறவே கூடாது.

அடுத்த கொடுமை, பாக்கி ஃபீஸைக் கொடுத்தால்தான் வழக்கு ஆவணக் கட்டைத் தருவேன் என்று அவர் பிடித்து வைத்துக்கொண்டது. ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் நிறுத்தி வைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பினேன். கட்டு வந்து சேர்ந்தது.

இரண்டாவது வக்கீல் ஒரு நூற்பாலையின் சட்டப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவர். உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டது, "உத்யம் சான்றிதழ் எந்தத் தேதியில் வாங்கினீர்கள்? முதல் பில் எந்தத் தேதி?" உத்யம் என்பது குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. சான்றிதழை மேசையில் வைத்து, பில்களை ஒவ்வொன்றாக அதன் கீழே அடுக்கினார். எல்லாம் சான்றிதழுக்குப் பிந்தைய தேதி. "கோர்ட்டே வேண்டாம், கவுன்சிலுக்குப் போகலாம்" என்றார். குறு, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பு அது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டிப் பணம் நிறுத்தினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தருகிற இந்த உரிமையை முதல் வக்கீல் வாயே திறந்து சொல்லவில்லை.

ஒரு பில்லுக்கு மட்டும் சரக்கு இறங்கியதற்கான லாரி ரசீது இல்லை. டிரான்ஸ்போர்ட் அலுவலக குமாஸ்தா "பழைய புக் இல்லை" என்று விரட்டினார். உரிமையாளரைப் பார்த்த பிறகு, வாங்கியவர் முத்திரையோடு நகல் கிடைத்தது. லாரி ரசீதைப் பில்லோடு சேர்த்தே ஃபைல் செய்து வையுங்கள்.

மனு ஆன்லைனில் போனது. கோவை கவுன்சிலில் சமரசப் பேச்சு நடந்தபோது வட்டிக் கணக்கைப் பார்த்த எதிர்த்தரப்பு, அசலையும் வட்டியில் பாதியையும் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டது.

வக்கீல் பார்க்கப் போகிறவர்கள் அவருடைய பதிவு எண்ணை வாங்கிப் பாருங்கள்; எந்த ஆண்டு பதிவு செய்தார் என்பது அதிலேயே இருக்கும். கடைசியாக நடத்திய வணிக வழக்கு எந்த நீதிமன்றத்தில், என்ன எண் என்று கேளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வக்கீல் பெயரோடு வந்துவிடும். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.