பன்றி நாக்குக்குப் பெயர் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது

போன வாரம் முடிவு வந்தது. ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸ் வாய்மொழித் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன். ஹாங்காங்கில் மாலை வகுப்புக்குப் போகிறவர்கள் பலரும் சீனப் புத்தாண்டு உணவுப் பகுதியை எளிது என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதல் முறை நான் விழுந்தது அங்கேதான்.

இறைச்சிக் கடையில் பண்டிகைக்குச் சாமான் வாங்குவதுபோல் பேச வேண்டும். அகராதியில் மனப்பாடம் செய்த 'சிட்' என்ற சொல்லைச் சொல்லிப் பன்றி நாக்குக் கேட்டேன். தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நட்டத்துக்கும் அதே ஒலி. கேட்டிருக்க வேண்டியது 'லெய்'. அது இலாபத்தின் ஒலி. ஈரலைக் 'கோன்' என்றால் வறட்சி, காசில்லாத கை. 'யுன்' என்றால் ஈரம், செழிப்பு. பீர்க்கங்காய்கூட 'சீ குவா' அல்ல. அதில் தோல்வியின் சாயல் இருப்பதால் 'சிங் குவா', வெற்றிக்காய்.

விளக்கை அணை என்னாமல் குளிரவை என்கிறவர்கள் நாம். சுடுகாட்டை நன்காடு என்பது மங்கல வழக்கு என்று பள்ளியில் படித்தோமே, அது நினைவுக்கு வந்த அன்றுதான் இந்தப் பட்டியல் என் மண்டையில் ஏறியது. வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மற்றவை:

- தமிழ் எழுத்தில் மட்டும் குறிப்பெடுக்காதீர்கள். முடிபோன்ற கரும்பாசியும் 'ஃபாட் சோய்', செல்வம் பெருகுவதும் 'ஃபாட் சோய்'. வேறுபடுவது தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்: கடைசி அசை பாசிக்கு 3ஆம் தொனி, செல்வத்துக்கு 4ஆம் தொனி. எண் இல்லாத குறிப்பு வீண்.
- உணவும் வாழ்த்தும் ஒரே அட்டையில். மீன் 'யூ', மிச்சம். காய்ந்த சிப்பி 'ஹோ சீ', நல்ல வியாபாரம். 'நின் கோ' என்ற அரிசிமாவுப் பணியாரம், ஆண்டுக்கு ஆண்டு உயர்வு.
- கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சு போன்ற பழம் 'கட்', மங்கலம். நம் நாக்கு உகரம் சேர்த்துக் 'கட்டு' ஆக்கிவிடும். நுனிநாக்கு மேலே ஒட்டியதும் அங்கேயே நிறுத்துங்கள்.

வீட்டில் தனியாகப் படித்தது எனக்கு உதவவில்லை. சனிக்கிழமைகளில் சாம் ஷுய் போ சந்தைக்குப் போனேன். 'லெய்' என்று என் குரல் மேலே ஏறும்போதெல்லாம், கடைக்கார அம்மாள் உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்திக் காட்டினார். நான்காம் தடவைதான் கொக்கியிலிருந்து நாக்கை இறக்கினார். நீங்களும் போங்கள்; ஆனால் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் வேண்டாம், அவர்களுக்குப் பேச நேரமிருக்காது.