கையில் ஒரே அட்டை, வெளியே கச்சான் காற்று

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகாது. 61 நாள் தடைக்காலம். நான் பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். படகு போகாவிட்டால் ஐஸ் கேட்டு ஆள் வராது, ஆள் வராவிட்டால் எனக்குக் கணக்கும் இல்லை. அக்கா வீட்டுக்காரர், அதாவது மச்சான், விசைப்படகு டிரைவர். அவருக்கும் அந்த இரண்டு மாதம் வலை பின்னுவதும் இன்ஜினைப் பிரித்து மாட்டுவதும்தான் வேலை. சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்.

2025-இல் புதுத் தூக்குப்பாலம் திறந்த அதே ஏப்ரலில், துபாயிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா மகன் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். மார்வெல் சாம்பியன்ஸ் என்கிற சீட்டு விளையாட்டு. 2019-இல் ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் வெளியிட்டது. கூடவே ஹல்க், ஸ்டார் லார்ட் என்று தனியாக விற்கிற இரண்டு சின்னக் கட்டுகள். சீட்டு என்று சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. காசு வைத்து ஆடுவது இல்லை, ஒருத்தரை ஒருத்தர் தோற்கடிப்பதும் இல்லை, எல்லோரும் ஒரே கட்சி, எதிரில் ஒரு வில்லன், அவன் சீட்டைக் கட்டே போட்டுக்கொள்ளும் என்று விளக்கிய பிறகுதான் டீ வந்தது.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டு முகம். ஒன்று சண்டை முகம், இன்னொன்று வீட்டு முகம். இந்தப் பெயர்கள் நாங்கள் வைத்தவை, மச்சானுக்கு இங்கிலீஷ் அட்டை ஓடாது. சண்டை முகத்தில் இருந்தால் வில்லன் உன்னை அடிப்பான். வீட்டு முகத்தில் இருந்தால் அடிக்க மாட்டான், அந்த நேரத்தில் சதியை வளர்ப்பான். சதி கடைசிக் கட்டம் வரை நிரம்பினால் எல்லோரும் தோற்றோம். உன் முறையில் ஒரு தடவைதான் முகம் மாற்றலாம். கையில் இருக்கும் அட்டைதான் ஆயுதம், அதேதான் காசும். ஓர் அட்டையைப் போட இன்னும் இரண்டு மூன்றைக் கழித்துக் கட்ட வேண்டும்.

சதியை எண்ணப் பெட்டியில் அட்டைச் சில்லுகள் உண்டு. கச்சான் காற்றில் அவை முதல் நாளே முற்றத்துக்குப் போய்விட்டன. அதனால் ராமேஸ்வரம் சோழி. அட்டைகள் பறக்காமல் இருக்க வலையில் கட்டுகிற ஈயக்குண்டு, கட்டுக்கு இரண்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ செய்வினை எடுப்பது போல இருக்கும்.

முதல் ராத்திரி மருமகன் அயர்ன்மேனை எடுத்தான். எட்டாவது படிக்கிறான், படமெல்லாம் மனப்பாடம். எடுத்த உடனே முதல் முறையிலேயே சண்டை முகத்துக்குத் திருப்பிவிட்டான். அயர்ன்மேனின் கையளவு, அதாவது கையில் நிரப்பிக்கொள்ளும் அட்டைகளின் எண்ணிக்கை, என்ன தெரியுமா? ஒன்று. எல்லோர் முறையும் முடிந்து மற்றவர்கள் நாலு, ஐந்து அட்டை என்று நிரப்பிக்கொள்ளும்போது அவன் ஒன்றே ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றை வைத்துக்கொண்டு எதை விலை கொடுத்து எதை வாங்குவது? இரண்டு சுற்று பல்லைக் கடித்தான். மூன்றாவது சுற்றில் வில்லன் ரைனோ அவனை முடித்துவிட்டது. “மாமா, இந்த அட்டை டேமேஜ் பீஸ்” என்றான்.

டேமேஜ் பீஸ் இல்லை. அட்டையிலேயே கீழே எழுதியிருக்கிறது: மாட்டியிருக்கும் ஒவ்வொரு தொழில்நுட்பக் கருவிக்கும் கையளவு ஒன்று கூடும், 7 வரை. வீட்டு முகமான டோனி ஸ்டார்க்குக்கோ எடுத்த எடுப்பிலேயே கையளவு 6. அதோடு சுற்றுக்கு ஒரு தடவை கட்டின் மேலே இருக்கும் மூன்று அட்டையைப் பார்த்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழிக்கலாம். ஆக அவன் வீட்டில் உட்கார்ந்து உடுப்புத் தைக்க வேண்டிய ஆள். கணக்கு நேரானது: ஐந்து கருவி ஏறினால் சண்டை முகத்திலும் கை 6 ஆகிவிடும். அதற்கு முன் திருப்பினால் ஒவ்வொரு சுற்றும் நஷ்டம். நாங்கள் மூன்று சுற்று வீட்டில் வைப்பதென்று முடிவு செய்தோம். கருவி நன்றாக வந்தால் இரண்டிலேயே கிளம்பலாம், அது அதிர்ஷ்டம்.

மருமகனுக்குக் கஷ்டமாக இருந்தது அந்த மூன்றில் இரண்டைக் கழிக்கிற இடம். மார்க் ஃபைவ் கவசமும் ஆர்க் ரியாக்டரும் சேர்ந்தே வந்தால் ஒன்று குப்பைக்குத்தானே போக வேண்டும். விரலால் தடவித் தடவிப் பார்ப்பான். ஸ்டார்க் டவர் என்று ஓர் அட்டை உண்டு, கழித்ததில் மேலாக இருக்கும் கருவியைத் திரும்பக் கைக்குக் கொண்டுவரும். அது மேசையில் இருந்தால் கழிப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இல்லாவிட்டாலும் பெரிய பயம் வேண்டாம். கட்டு தீர்ந்தால் கழித்ததெல்லாம் கலைத்துத் திரும்ப வரும், தண்டமாக வில்லன் கட்டிலிருந்து ஓர் அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதனால்தான் அயர்ன்மேன் கட்டில் 40 அட்டைக்கு மேல் ஒன்றுகூடச் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. 50 வரை அனுமதி உண்டு. ஆனால் கட்டு தடித்தால் கருவி வர நாளாகும்.

உடுப்பெல்லாம் ஏறின பிறகு அவன் வேறு ஆள். ராக்கெட் பூட்ஸை வைத்துப் பறந்துவிட்டால் சூப்பர்சானிக் பஞ்ச் 4 அடிக்குப் பதில் 8. அடித்துவிட்டு ஆர்க் ரியாக்டரால் நிமிர்ந்து இன்னொரு வேலையும் பார்க்கலாம். சாய்த்த அட்டையை நேராக்குவதைத்தான் நிமிர்ப்பது என்கிறோம்.

ஆனால் இதில் மருமகன் கற்றுக்கொண்டதைவிட நாங்கள் மூன்று பேர் கற்றுக்கொண்டதுதான் அதிகம். அவன் வீட்டில் இருக்கிற மூன்று சுற்றும் வில்லன் அவன் பேரில் சதியை ஏற்றுவான். நாலு பேர் ஆடும்போது ரைனோவின் சதி 28 சோழியில் நிரம்பும். சும்மா இருந்தாலே சுற்றுக்கு 4 ஏறும். டோனி வீட்டில் இருப்பதால் இன்னும் ஒன்று, அதற்கு மேல் அந்த நேரத்து அட்டை என்ன சொல்கிறதோ அது. யாராவது குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் மனைவி ஸ்பைடர்மேனோடு, சதியைக் குறைக்கிற அட்டைகள் நிறைந்த நீதிக் கட்டை எடுத்துக்கொண்டு அந்த வேலையைப் பார்த்தாள். அடிக்கவே மாட்டாள். சோழியை எண்ணி எண்ணிப் பெட்டியில் போடுவாள், பால் கணக்கு எழுதுகிற முகத்தோடு. நான் கேப்டன் மார்வெலுடன், துணையாட்களைக் கொண்டுவரும் தலைமைக் கட்டு. அதில் மரியா ஹில் என்ற துணை அட்டை வந்தால் எல்லோருக்கும் ஆளுக்கோர் அட்டை கிடைக்கும். கை சின்னதாக இருப்பவனுக்கு அந்த ஓர் அட்டை எவ்வளவு பெரியது என்பது மருமகன் முகத்தில் தெரியும்.

மச்சான் ஷீ-ஹல்க்கை விடமாட்டார். பச்சைப் பெண், உயிர் 15, கை 4. அவளிடம் காமா ஸ்லாம் என்று ஓர் அட்டை. இதுவரை எவ்வளவு அடி வாங்கியிருக்கிறாளோ அவ்வளவையும் ஒரே அடியாகத் திருப்பிக் கொடுக்கும். மச்சானுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அடி வாங்கி வாங்கி உயிரை 2-க்குக் கொண்டுவந்துவிட்டு, கையில் காமா ஸ்லாமை வைத்துக்கொண்டு சிரித்தார். “மாப்ளே, இப்பப் பாரு.”

பார்த்தோம். அட்டையின் விலை 4. அவர் கையில் இருந்ததே அதையும் சேர்த்து நாலுதான். அது போக மூன்றைக் கழித்தால் மூன்று காசு. ஒரு காசு குறைச்சல். அன்றைய வில்லன் க்ளாவ் அடித்தான். க்ளாவ் அடிக்கும்போதெல்லாம் கூடுதலாக ஓர் அட்டை திருப்புவான், அடி எவ்வளவு வரும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. மச்சான் போனார். காமா ஸ்லாம் கையிலேயே இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டைப் பார்சல் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். அவளுடைய வீட்டு முகம் ஜெனிஃபர் வால்டர்ஸ், வக்கீல், கை 6. விஷயம் அங்கேதான் இருக்கிறது. அடி வாங்கிய பிறகு வரும் தன் முறையில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆனால் காயத்தை ஆற்றக் கூடாது. வீட்டுக்குப் போனால் கை தானாக ஆற்றத்தான் போகும், ஏனென்றால் ஒரே தடவையில் 5 உயிர் ஏறும், என் மனைவியே “அண்ணே, ஆத்திக்கங்க” என்று பதறுவாள். கேட்கக் கூடாது. ஆறு அட்டை எடுத்துக்கொண்டு அடுத்த முறையில் சண்டை முகத்துக்குத் திரும்பு. திரும்பும்போதே எதிரிக்கு 2 அடி இலவசம், அது அவள் குணம். அப்புறம் ஓர் அட்டை காமா ஸ்லாம், நாலு அட்டை காசு, ஓர் அட்டை மிச்சம். 13 காயம் இருந்தால் மொத்தம் 15 அடி. ஒற்றை அட்டையே இரண்டு காசாகும் வகையும் உண்டு, அது வந்தால் இன்னும் சுலபம்.

காமா ஸ்லாம் கையில் வராமல் காயத்தைச் சேர்க்கவும் கூடாது. அது நம்பிக்கையில் கடன் வாங்குவது மாதிரி. அட்டை கையில் இருந்தால் மட்டும் உயிரைக் குறையவிடு, இல்லையா, ஆற்றிக்கொள். இடையில் ஒரு சுற்று சண்டை முகத்திலேயே நிற்க வேண்டி வந்தால் பக்கத்து ஆள் தன் துணை அட்டையைக் குறுக்கே போட்டு அடியை வாங்கலாம். விதியில் அனுமதி உண்டு. மரியா ஹில் அப்படித்தான் எங்கள் வீட்டில் பலமுறை உயிர்விட்டாள்.

இப்போது சிக்கல் எங்கே என்று தெரிகிறதா? டோனிக்கு மூன்று சுற்று வீடு வேண்டும். ஜெனிஃபருக்கும் வீடு வேண்டும். இரண்டு பேரும் ஒரே சுற்றில் வீட்டில் இருந்தால் சதி எகிறும். அயர்ன்மேன் தனியாக நன்றாக ஆடினான், ஷீ-ஹல்க் தனியாக நன்றாக ஆடினாள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்த மூன்று ராத்திரியும் தோற்றோம். மச்சான்தான் சொன்னார்: “நாலு பேர் போற வத்தையில ஒருத்தன் தூங்கலாம் மாப்ளே. ரெண்டாவது ஆளும் படுத்தா யாரு தண்ணி இறைக்கிறது?” அதிலிருந்து ஆட்டம் தொடங்கும் முன் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி வீட்டுக்குப் போகிற வரிசை யார் யார் என்பதுதான். அயர்ன்மேன் இருந்தால் நான்காவது சுற்று வரை ஷீ-ஹல்க்குக்கு வீடு கிடையாது. முதலிலேயே பேசிவிட்டால் மச்சான் ஒத்துக்கொள்வார். நடுவில் சொன்னால் கோபம் வரும்.

ஹல்க்கைப் பற்றிக் கொஞ்சம். அவன் முறை முடிந்தால் கையில் இருக்கிற எல்லாவற்றையும் கழித்துவிட வேண்டும். சேர்த்துவைக்கிற பேச்சே இல்லை. என் மனைவி ஒரே ஒரு தடவை எடுத்தாள், நல்ல அட்டை இரண்டு வீணாகப் போனதும் “இந்த ஊதாரி எனக்கு வேண்டாம்” என்று வைத்துவிட்டாள். விலை குறைந்த அட்டைகளாகப் பொறுக்கி அவன் கட்டைக் கட்ட வேண்டும், நாலு அட்டையும் அன்றன்றைக்கே செலவாக வேண்டும். மருமகன் ஒன்று கண்டுபிடித்தான்: அந்தச் சாபம் சண்டை முகத்தில்தான் எழுதியிருக்கிறது. முறை முடியும் முன் ப்ரூஸ் பேனராகத் திருப்பிவிட்டால் கை பத்திரம். பெரிய அட்டை ஒன்றைக் காப்பாற்ற வேண்டிய சுற்றில் மட்டும் செய்ய வேண்டியது. அதற்கும் வீட்டு வரிசையில் இடம் கேட்க வேண்டும்.

ஸ்டார் லார்ட் கதை எங்களுக்குப் புதிதில்லை. வில்லன் கட்டிலிருந்து ஓர் அட்டையைக் கவிழ்த்துத் தனக்கு வைத்துக்கொண்டால் அடுத்து போடுகிற அட்டைக்கு விலையில் 3 குறையும். சுற்றுக்கு ஒரு தடவை. கவிழ்த்தது சுற்று முடிவில் திறக்கும். மச்சான் அட்டையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “முன்பணம் வாங்குறான்” என்றார். கரையில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் பிடிக்கிற மீனை அவருக்கே போடுகிற ஆட்களை எங்களுக்குத் தெரியும். அதே கணக்கு. சதி பாதிக்குக் கீழே இருக்கும்போது வாங்கலாம். நிரம்பப் போகிற நேரத்தில் வாங்கினால் திறக்கிற அட்டை நாலு பேரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ஜூன் 14 ராத்திரி அல்ட்ரானோடு ஆடினோம். நம் கட்டின் மேலட்டையையே கவிழ்த்து ட்ரோன் ஆக்கி நம்மேல் ஏவுகிற வில்லன், எங்களுக்கு இன்னும் பிடிபடாதவன். அயர்ன்மேனுக்கு நாலு கருவி ஏறியிருந்தது, மச்சான் ஹல்க். ஒன்பதரைக்கு மச்சானுக்குப் போன் வந்தது, ஐஸ் ஏற்ற வேண்டும். எனக்கும்தான். அட்டைகளை அப்படியே விட்டு ஈயக்குண்டு வைத்து, மேலே ஒரு பழைய பாயைப் போட்டு எழுந்துபோனோம்.

மச்சான் கரை திரும்பியதும் குளிக்காமலேயே வந்தார். கணவாய் வாடை. “அந்த ரோபோ இன்னும் இருக்கானா?”

பாயை எடுத்தோம். அட்டைகள் அசையவில்லை. பூனை உள்ளே புகுந்து சோழியைச் சிதறவிட்டிருந்தது. மனைவி 19 என்றாள். மருமகன் 16-தான் என்று சத்தியம் செய்தான். மச்சான் என்னைப் பார்த்தார், கணக்கு எழுதுகிறவன் நான்தானே. 17 வைத்தேன்.