சராசரிக்குள் காணாமல் போன பட்டை

மனத்தை அளக்க எனக்குப் பிடித்த வழி, மிகக் குறைவாகக் கேட்பது. "இந்த இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன?" என்ற ஒரே கேள்வி. காரமா, இனிப்பா, பிடிக்குமா என்று எந்தச் சொல்லையும் நாமாக எடுத்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எண் வாங்கிக்கொள்கிறோம். அப்புறம் கணினி அந்த எண்களைக் கொண்டு ஒரு படம் போடுகிறது. ஒத்தவை அருகருகே, ஒவ்வாதவை எட்டி. பல்பரிமாண அளவிடல் என்பது இதைத்தான்.

டர்பனில் உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் ஆய்வக வகுப்பு எடுக்கிறேன். ஒரு பையன் வீட்டில் பேசுவது இசிஸுலு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஆப்பிரிக்கான்ஸ். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான், பாட்டியின் தமிழ் கொஞ்சம் காதில் மிச்சமிருக்கும். தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகள், 2023இல் சைகை மொழியும் சேர்ந்த பிறகு, மொத்தம் 12. இங்கே 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஊழியர்களுக்கு வைக்கும் உளவியல் சோதனை அறிவியல்படி நம்பத்தக்கதாகவும், எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்துவதாகவும், எந்தப் பிரிவினருக்கும் எதிராகச் சாயாததாகவும் இருந்தாக வேண்டும் என்கிறது. கேள்வித்தாளை மொழிபெயர்க்கும்போதே அந்தச் சாய்வு உள்ளே வந்துவிடலாம். ஒப்புமை மட்டும் கேட்கும் முறையில் மொழிபெயர்க்கவே அதிகம் இல்லை. இதை நான் விடாமல் சொல்லிக்கொடுப்பதற்கு அதுதான் காரணம்.

முதல் வகுப்பில் மனத்தைத் தொடுவதே இல்லை, சாலைத் தூரங்களைத்தான் கொடுப்பேன். ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பன் சுமார் 570 கி.மீ., கேப் டவுன் சுமார் 1400 கி.மீ. இப்படி ஊர்களின் தூர அட்டவணையை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் சிஎம்டிஸ்கேல் என்ற கட்டளைக்குக் கொடுத்தால் நாட்டின் வரைபடமே திரையில் வந்து நிற்கும். 1952இல் டோர்கர்சன் வகுத்த முறை அது. சில சமயம் டர்பன் இடப்பக்கமும் கேப் டவுன் உச்சியிலும் இருக்கும். பிள்ளைகள் தப்பு என்பார்கள். தூர அட்டவணையில் வடக்கு எது, தெற்கு எது என்று எங்கே எழுதியிருக்கிறது? திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்றையும் காட்டுவேன். டர்பனிலிருந்து ப்ளூம்ஃபொன்டெயின் போகும் சாலை லெசோத்தோ மலைகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் அந்தத் தூரம் தட்டையான படத்தில் சரியாக உட்காராது, எங்கேயாவது இடிக்கும். அந்த இடிப்புகளை எல்லாம் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதுதான் ஸ்ட்ரெஸ்.

மனிதர்கள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. ஒருவர் 8 என்று போட்டது 4 என்று போட்டதைப்போல் இரு மடங்கு என்று யார் உத்தரவாதம் தருவது? அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் இருந்த உளவியலாளர் ஷெப்பர்ட் 1962இல் இதற்கு வழி கண்டார்: எண்களின் வரிசை மட்டும் போதும், எது எதைவிட நெருக்கம் என்று தெரிந்தாலே படம் கிடைத்துவிடும். அதே ஆய்வகத்தின் கணிதவியலாளர் க்ரஸ்கல் 1964இல் ஸ்ட்ரெஸ் என்ற அளவைக் கொடுத்து அதை ஒழுங்கான கணக்காக்கினார். இந்த முறைக்கு எக்மன் 1954இல் வெளியிட்ட நிறத் தரவு அழகான உதாரணம். 14 நிறங்களை 31 பேர் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள். அலைநீளத்தில் ஊதாவும் சிவப்பும் எதிரெதிர்க் கோடிகள். ஆனால் படத்தில் நிறங்கள் வளைந்து, வட்டமாகி, அந்த இரு கோடிகளும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அதன்பின் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் இதற்கான நிரல்கள் வரிசையாக வந்தன: எம்டிஸ்கால், டோர்ஸ்கா, கட்மனும் லிங்கோஸும் செய்தவை, பிறகு கைஸ்ட். கைஸ்ட் என்பது க்ரஸ்கல், யங், ஷெப்பர்ட், டோர்கர்சன் நால்வரின் முதலெழுத்து. 1977இல் வந்த அல்ஸ்கால் பின்னால் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் சேர்ந்ததால் பலருக்கு அதுதான் தெரியும். நான் அதைத் தவிர்க்கிறேன். அது தூரத்தின் வர்க்கத்தைப் பொருத்துவதால் பெரிய தூரங்கள் படத்தைத் தம் பக்கம் இழுத்துவிடுகின்றன. எஸ்பிஎஸ்எஸ் வைத்திருப்பவர்கள் ப்ராக்ஸ்கால் எடுக்கலாம். காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு ஆர் மொழியில் ஸ்மாகாஃப் இருக்கிறது.

இவற்றுள் நான் பெரிதாக மதிப்பது இன்ட்ஸ்கால். 1970இல் கரோலும் சாங்கும் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே படம், ஆனால் ஒவ்வொருவரும் அதன் அச்சுகளை நீட்டியும் சுருக்கியும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் அந்த எடையைக் கணக்கிடுகிறது. ஹெல்ம் சேகரித்த நிறத் தரவை இதில் போட்டபோது, நிறக்குறை உள்ளவர்களுக்குச் சிவப்பு பச்சை அச்சின் எடை குறைந்து நின்றது. யாரையும் "உனக்கு நிறம் தெரியாதா?" என்று கேட்கவில்லை. அவர்கள் போட்ட எண்களே சொல்லிவிட்டன.

வகுப்பில் இதற்கு மசாலாச் சாமான்தான். விக்டோரியா தெருச் சந்தையில் வாங்கி, பொடித்து, எண் மட்டும் ஒட்டிய சிறு குப்பிகளில் போட்டு வைப்பேன். சீரகம், சோம்பு, மல்லி, மிளகு, வெந்தயம், மஞ்சள், பட்டை, கிராம்பு, ஏலக்காய், சாதிக்காய். பத்துச் சாமானுக்கு 45 ஜோடி. முகர்ந்து பார்த்து 1 முதல் 9 வரை போட வேண்டும்.

எல்லோருடைய எண்களையும் சராசரி எடுத்துப் போட்ட படத்தில், பட்டை மிளகுக்கும் சாதிக்காய்க்கும் இடையில், இரண்டோடும் ஒட்டாமல் நின்றது. தாள்களைத் தனித்தனியாகப் புரட்டினால் அப்படி வைத்தவர் அநேகமாக ஒருவரும் இல்லை. "மேடம், இது மெல்க்டெர்ட் மேல தூவுறது" என்றாள் ஒருத்தி. பாலும் முட்டையும் சேர்த்துச் செய்யும் இனிப்பு அது. அவள் பட்டையைச் சாதிக்காயோடும் ஏலக்காயோடும் சேர்த்திருந்தாள். சாட்ஸ்வொர்த் பெண்ணோ, "எண்ணெய் காஞ்சதும் பாட்டி கறிக்கு முதல்ல போடுறது" என்று கிராம்புக்கும் மிளகுக்கும் பக்கத்தில் வைத்திருந்தாள். ஸ்மாகாஃபில் இன்ட்ஸ்கால் போட்டதும் இரண்டு அச்சு தெரிந்தன. ஒன்று இனிப்புப் பண்டத்துச் சாமானா, குழம்புச் சாமானா என்பது. மற்றது காட்டம். முதலாமவளுக்கு முதல் அச்சில் எடை அதிகம், இரண்டாமவளுக்குக் காட்டத்தில். இருவருமே திருத்தமாகத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். சராசரிதான் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மூக்கைச் செய்து வைத்திருந்தது.

இதை வைத்து இனத்துக்கு ஒரு மூக்கு என்று கிளம்பிவிடக் கூடாது என்பதையும் உடனே சொல்லிவிடுவேன். சாட்ஸ்வொர்த் பிள்ளைகளுக்குள்ளேயே எடைகள் ஒன்றுபோல் இல்லை.

செய்து பார்க்க நினைப்பவர்கள் நிரலை ஒரே தொடக்கத்தில் ஓட்டி நிறுத்திவிடாதீர்கள். புள்ளிகளை எங்கோ வைத்துத் தொடங்கி, ஸ்ட்ரெஸ் குறையும் பக்கமாக நகர்த்திக்கொண்டே போகும் நிரல், வழியில் ஒரு சிறு பள்ளத்தில் சிக்கிக்கொண்டு அதுவே அடிவாரம் என்று சொல்லிவிடும். பல தற்செயல் தொடக்கங்களிலிருந்து ஓட்டி, ஸ்ட்ரெஸ் மிகக் குறைந்ததை எடுங்கள். க்ரஸ்கல் 20 சதவீதம் மோசம், 10 சுமார், 5 நன்று என்றார். ஆனால் புள்ளிகள் குறைவாக இருந்தால் தாறுமாறான எண்களுக்குக்கூட ஸ்ட்ரெஸ் குறைவாக வரும், அதை மட்டும் நம்ப வேண்டாம். சாமானையும் அளவோடு வையுங்கள். பத்துக்கு 45 என்றால் இருபதுக்கு 190 ஜோடி. அத்தனையை எந்த மூக்கும் தாங்காது. அடுத்த பருவத்தில் சந்தையின் மசாலாத் தூள்களையும் சேர்க்கப் போவதால், ஜோடிகளை விட்டுவிட்டு, ஒத்தவற்றைக் குவியல் குவியலாகப் பிரிக்கச் சொல்லப் போகிறேன். யார் எவற்றை ஒரே குவியலில் போட்டார்கள் என்ற எண்ணிக்கையையும் இதே நிரல்களுக்குக் கொடுக்கலாம்.