தென்னை காய்க்கும்வரை காத்திருக்கும் பணம்

வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டில் மாவட்ட வளர்ச்சி மேலாளராக வேலை பார்த்த வருடங்களில், கிராமத்துக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "சார், உங்க பேங்க்ல நகைக்கடன் வட்டி எவ்வளவு?" என்பதுதான். விவசாயிக்கு நாங்கள் நேரடியாகக் கடன் தருவதில்லை, கடன் தரும் வங்கிகளுக்குப் பின்னால் இருக்கிறோம் என்று சொன்னால், அப்புறம் எதற்கு வந்தீர்கள் என்பதுபோல் பார்ப்பார்கள்.

அதற்கான பதிலை எனக்குத் தென்னைதான் கற்றுக்கொடுத்தது. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை செலவு மட்டும்தான், வரவு கிடையாது. ஆனால் வங்கிக் கிளையில் இருக்கும் பணமோ ஒன்றிரண்டு வருட வைப்புத்தொகை. கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய பணத்தைப் பத்து வருடக் கடனாகக் கொடுக்க எந்த மேலாளரும் தயங்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. அந்த நீண்ட காலக் கடனுக்கு மறுநிதி தருவதை, அதாவது வங்கி விவசாயிக்குக் கொடுக்கும் கடனுக்காக அந்த வங்கிக்குக் கடன் தருவதை, ஒரு முக்கிய வேலையாகக் கொண்டு, ஊரகக் கடன் பற்றி ஆராய்ந்த சிவராமன் குழுவின் பரிந்துரைப்படி 1982-ல் நபார்டு பிறந்தது. ரிசர்வ் வங்கி தன் லாபத்திலிருந்து ஒதுக்கிய மலிவான பணம் அப்போது அதற்குப் பலமாக இருந்தது. 1990களின் பொருளாதாரச் சீர்திருத்தத்தில் அந்த ஒதுக்கீடு பெயரளவுக்குச் சுருங்கியது. நீண்ட காலக் கடனுக்கு அது பெரிய அடி என்றே இன்றும் நினைக்கிறேன்.

1995-96-ல் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி வந்தது. வேளாண்மைக்கு 18 சதவீதம் கடன் தர வேண்டும் என்ற இலக்கை எட்டாத வங்கிகள், இலக்குக்கு எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையை நபார்டில் வைப்பு வைக்க வேண்டும். அதிலிருந்து மாநில அரசுகளுக்குப் பாலம், சாலை, தடுப்பணைக்குக் கடன் போகும். ஆரம்பத்தில் 2,000 கோடி ரூபாய். அப்படிக் கட்டிய பாலங்களை ஆய்வு செய்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஓடையில் வெள்ளம் வந்தால் இக்கரையிலேயே நின்றுவிடும் பால் கேன்கள், பாலம் வந்தபின் நேரத்துக்குச் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனாலும் ஒரு வருத்தம் உண்டு. விவசாயிக்குக் கிணறு வெட்டவோ மாடு வாங்கவோ போக வேண்டிய கடன் போகாமல் நின்ற பணம்தானே அது? பாலமும் வேண்டும், கிணற்றுக் கடனும் வேண்டும்.

தொழில் துறையில் நடந்தது இன்னும் மோசம். தொழில்களுக்கு நீண்ட காலக் கடன் தருவதற்கென்றே இருந்த ஐசிஐசிஐ 2002-லும் ஐடிபிஐ 2004-லும் வழக்கமான வணிக வங்கிகளாகிவிட்டன. மின் நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நீண்ட காலக் கடன் தரும் பொறுப்பு வைப்புத்தொகையை நம்பியிருக்கும் வங்கிகள் தலையில் விழுந்தது. அந்தக் கடன்களில் நிறைய வாராக்கடனாகவும் ஆயின. கடைசியில் 2021-ல் 20,000 கோடி ரூபாய் மூலதனத்தோடு உள்கட்டமைப்புக்கென்றே புதிதாக ஒரு வளர்ச்சி வங்கியைத் தொடங்க வேண்டியதாயிற்று. மூலதனத்தை ஒரு பட்ஜெட்டில் ஒதுக்கிவிடலாம். ஒரு திட்டத்தை நேரில் போய்ப் பார்த்து, இது ஓடும், இது ஓடாது என்று சொல்லத் தெரிந்த பொறியாளர்களையும் மதிப்பீட்டாளர்களையும் உருவாக்கப் பல வருடம் பிடிக்கும். புதிய வங்கி முதலில் அவர்களுக்குச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.