எடை போகும் வழி: ஒரு கராஜ் நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2024, சனி

மிச்சிகன் சாலைகளில் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய உப்பை வசந்த மழை கழுவிச் செல்லும்வரை இந்தக் காரை வெளியே எடுப்பதில்லை. இன்று உறையை நீக்கினேன். இந்த ஆண்டு இதன் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றப்போகிறேன். 1979ஆம் ஆண்டு செவ்ரோலே கோர்வெட், செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் பிறந்தது. அந்த ஓராண்டில் மட்டும் 53,807 கார்கள் செய்யப்பட்டன. அரிய வண்டி இல்லை என்பதால்தான் கைவைக்கத் துணிகிறேன்.

சமதளத்தில் நிறுத்தி, காரின் அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து தரைக்கு அளந்தேன். இடது பின்பக்கம் வலதைவிட 19 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. கடந்த ஆண்டு 12 மி.மீ. இருந்தது.

இந்தக் காரின் பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பல எஃகுப் பட்டைகள் அடுக்கிய ஒற்றை ஸ்பிரிங், காரின் குறுக்கே கிடக்கிறது. நடுப்பகுதி, இன்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் பெட்டியின் மூடிக்கு அடியில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் நீண்ட போல்ட் வழியாக, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளைத் தாங்கும். 1963இல் வந்த இந்த அமைப்பு 1982 வரை நீடித்தது. நாமக்கல்லில் லாரிப் பட்டை அடிக்கும் பட்டறைகளின் சத்தத்தில் வளர்ந்தவன் நான். பட்டை என்றால் எனக்கு இளப்பம் இல்லை. லாரியில் பட்டைதான் அச்சையும் பிடித்து நிறுத்துகிறது. கோர்வெட்டில் அதற்கு அந்த வேலை இல்லை, எடையைத் தாங்கினால் போதும். பொருள் எஃகிலிருந்து நாரிழைக்கு (ஃபைபர்கிளாஸ்) மாறினாலும், குறுக்குப் பட்டையை 2019 வரை கோர்வெட் விடவில்லை என்பதே அதன் தகுதிக்குச் சாட்சி.

பிறகு ஏன் மாற்றுகிறேன்? முனை போல்ட்டின் நீளத்தை மாற்றி உயரத்தைச் சமன் செய்யலாம். ஆனால் நீண்ட போல்ட் அந்தப் பக்கத்தைத் தாழ்த்தும். தளர்ந்த இடது பக்கத்துக்காக நல்ல வலது பக்கத்தையும் இறக்க எனக்கு மனமில்லை. ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் அமரும் காயில்-ஓவரில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகத் திருகி ஏற்றலாம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஸ்டாண்டுகளைப் பின்சக்கரங்களுக்கு முன்னே, சேஸிஸ் சட்டத்தின் அடியில் மட்டும் வைத்தேன். உடல் முழுக்க நாரிழை. அதன் மேல் ஜாக்கி பட்டால் நொறுங்கிவிடும்.

பட்டையைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம். வளைந்து நிற்கும் எஃகு, அவிழ்த்த கணத்தில் விடுபடும். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கிளாம்ப் இறுக்கினேன், ஜாக்கியின் தலை வழுக்காமல் இருக்க. ஜாக்கியால் முனையை உயர்த்தி, சுமை இறங்கிய பிறகே நட்டு கழலாமல் பூட்டும் கோட்டர் பின்னையும் நட்டையும் எடுத்தேன். பிறகு ஜாக்கியை விரல் விரலாக இறக்கினேன். மகள் ஸ்பிரிங்கின் நேர்கோட்டில் நிற்காமல் கதவருகே நின்று விளக்கைப் பிடித்தாள்.

"அப்பா, அது சத்தமே போடவில்லையே!" என்றாள். சத்தம் போடாமல் இறங்கியதுதான் எனக்கு வேண்டியது.

ஏப்ரல் 13, சனி

ஷாக் அப்சார்பரின் கீழ்முனை மாட்டும் தண்டு வரவில்லை. இதே தண்டுதான் சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கம்பியின் வெளிமுனையையும் தாங்குகிறது. நாற்பத்தைந்து ஆண்டுத் துரு. மூன்று நாட்களாகத் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். சுத்தியலால் அடித்தால் தண்டின் மரை நசுங்கும். வாடகைக்கு எடுத்த இழுவைக் கருவியால்தான் வலது பக்கம் வந்தது. இடது பக்கம் வரவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். காலையில் மாங்காய்ப் பச்சடி. மாலையில் சிறிது சூடுகாட்டியதும் இடது தண்டும் விட்டது. இன்று இவ்வளவு போதும்.

ஏப்ரல் 20, சனி

இந்த வேலையின் உயிர்நாடி இன்றைய அளவுகளில் இருக்கிறது.

புதிய ஷாக் அப்சார்பரைச் சுருள் இல்லாமல் மாட்டி, சக்கரத்தை ஜாக்கியால் 10 மி.மீ. படிகளில் ஏற்றினோம். மகள் நோட்டில் எழுதினாள். சக்கரம் 50 மி.மீ. ஏறும்போது ஷாக் 36 மி.மீ. மட்டுமே சுருங்குகிறது. அது உள்நோக்கிச் சாய்ந்திருப்பதும் சக்கரத்துக்கு உட்புறமாக மாட்டியிருப்பதும் காரணம். விகிதம் 0.72. சக்கரத்தில் உணரும் விறைப்பு இந்த விகிதத்தின் வர்க்கமாகக் குறையும்: 0.72 × 0.72, ஏறக்குறைய 0.52. என்னிடம் இருக்கும் சுருள், ஓர் அங்குலம் அமுங்க 450 பவுண்டு கேட்பது. சக்கரத்தில் அது 235 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எண்ணைப் பார்த்து "இது மிகக் கடினம்" என்று மிரள்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அடுத்த கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. சக்கரத்துக்குச் சக்கரம் எடைபோட்டு வைத்திருக்கிறேன்: பின்பக்கம் இடது 402 கிலோ, வலது 409. சக்கரம், பிரேக் முதலியவற்றுக்கு 50 கிலோ கழித்தால், ஸ்பிரிங் தாங்க வேண்டியது சுமார் 355 கிலோ. சாய்ந்து நிற்கும் காயில்-ஓவர் அதற்கு 355ஐ 0.72ஆல் வகுத்த விசையைத் தர வேண்டும். 490 கிலோவுக்கு மேல் வருகிறது. அதுவும் கார் சும்மா நிற்கும்போது.

இதுவரை இந்த எடை வேறு வழியாகப் போனது: சேஸிஸ், இரண்டு பெரிய ரப்பர் மெத்தைகள், குறுக்குச் சட்டம், டிஃபரன்ஷியல் மூடி, பட்டை, சக்கரம். ஷாக் மாட்டும் இடங்களுக்கு ஆட்டத்தை அடக்கும் வேலை மட்டுமே இருந்தது. இனிமேல் காரின் பின்பாதி முழுவதும் அந்த இரு புள்ளிகளில்தான் தொங்கப்போகிறது. ஸ்பிரிங்கை மாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் எடை போகும் வழியை மாற்றுகிறேன்.

கீழே, பழைய தண்டு ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ளது. காயில்-ஓவர் கிட்டில் வந்த தாங்கி இரு கன்னங்களிலும் பிடிக்கிறது, அதனால் கவலையில்லை. மேலேதான் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஷாக்கின் மேல்முனையைச் சேஸிஸில் பிடிக்கும் தாங்கிகளைக் கம்பித் தூரிகையால் சுரண்டினேன். வலது பக்கம் பளிச்சென்று எஃகு. இடது பக்கம் செதில் செதிலாக உதிர்ந்தது. சிறு சுத்தியலால் தட்டினேன்: வலது மணிபோல ஒலித்தது, இடது மரம்போல.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் வெல்டராக இருந்தவர். படுத்து, விரலால் தடவிப் பார்த்தார். "பழைய ஷாக்குக்கு இது போதும். நீ தொங்கவிடப்போகும் எடைக்குப் போதாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும்" என்றார். கிட்டுடன் வந்த கையேட்டில் இதற்கு ஒரு வரியும் இல்லை. வெறும் போல்ட் வேலை என்று நம்பி மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 27, சனி

வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பின்னாலேயே பெட்ரோல் டேங்க். "காலிசெய்தால் போதாது. காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்" என்றார் பெரியவர். ஸ்டெப்னிக் கூட்டை இறக்கி, டேங்கையே கழற்றி, தோட்டத்தின் கோடியில் கொண்டுபோய் வைத்தோம். பாட்டரியையும் எடுத்தாயிற்று. நாள் முழுக்க இதற்கே சரியாகிவிட்டது. வீண் என்று தோன்றவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

அழுகிய பகுதியை வெட்டி, 5 மி.மீ. தகடு வைத்து வெல்டிங் முடிந்தது. மேலே நாரிழை தீப்பற்றாமல் தீத்தடுப்புப் போர்வை; நான் தண்ணீர்க் குழாயோடு நின்றேன். பெரியவர் ஒரே மூச்சில் ஓட்டவில்லை. அரை அங்குலம் போட்டு, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் அரை அங்குலம். சட்டம் வளையக்கூடாதே. வலது பக்கத்துக்கும் அதே தகடு போடச் சொன்னேன். நல்ல நிலையில் இருக்கிறது, தேவையில்லை என்றார். இரு பக்கமும் ஒன்றாக இருப்பதே எனக்கு நிம்மதி என்றதும் ஒப்புக்கொண்டார்.

மே 4, சனி

காயில்-ஓவர்கள் மாட்டியாயிற்று. அதற்கு முன், சுருள் இல்லாமலே சக்கரத்தை மேல் எல்லைவரை ஏற்றிப் பார்த்தேன்: ஷாக் அடிமுட்டும் முன் ரப்பர் தடுப்பு தொடுகிறது. கீழ் எல்லையில், டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அரைத்தண்டின் மூட்டுகள் கையால் சுற்றும்போது எங்கும் பிடிக்கவில்லை. கோர்வெட்டில் இந்த அரைத்தண்டுதான் மேல்பிடிக் கம்பியாகவும் வேலை செய்கிறது. மூட்டு முறிந்தால் சக்கரத்தின் பிடியே போய்விடும்.

தரையில் இறக்கி, காரை முன்னும் பின்னும் தள்ளினோம். ஏற்றி இறக்கிய டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு பொய்யான உயரம் காட்டும்; உருண்டால்தான் கார் உண்மையில் அமரும். கம்பிகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இப்போதுதான், சக்கரங்கள் எடையைத் தாங்கிய நிலையில், கடைசியாக இறுக்கினேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் என்றென்றும் முறுகியே இருக்கும். இடது சுருளைத் தாங்கும் வளையத்தை நான்கு சுற்று ஏற்றினேன்.

மே 10, வெள்ளி

இரவு முதல் ஓட்டம். நகருக்கு வெளியே, பெயர்ந்த தார்ச்சாலையில் 30 கி.மீ. பழைய பட்டைகள் ஒன்றையொன்று உரசும் முனகல் இல்லை. பள்ளத்தில் இறங்கிய சக்கரம் ஒருமுறை ஆடி நிற்கிறது. முன்பு மூன்றுமுறை ஆடும். திரும்பும் வழியில் வானம் முழுக்கப் பச்சையும் இளஞ்சிவப்புமாகத் துருவ ஒளி. மகளும் நானும் காரை ஓரங்கட்டி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மே 25, சனி

400 கி.மீ. ஓடியாயிற்று. சுருள்கள் இடது 4, வலது 3 மி.மீ. அமர்ந்திருக்கின்றன. திருகிச் சரிசெய்த பிறகு இரு பக்கமும் 1 மி.மீ. வேறுபாட்டுக்குள். சக்கரச் சாய்வைக் கீழ்க்கம்பியின் உள்முனைப் போல்ட்டில் சரிசெய்தேன். தளர்ந்தால் தெரியட்டும் என்று போல்ட் தலைகளில் போட்ட மஞ்சள் கோடுகள் எதுவும் நகரவில்லை. ஜாக்கியில் ஏற்றி, விளக்கோடு உள்ளே படுத்து, புதுத் தகட்டின் விளிம்பெங்கும் விரலால் தடவினேன். பெயிண்டில் கீறல் இல்லை.